தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள்: சிறிய நாய்க்கு ஷெல்டரா, பிரீடரா?

என் முதல் நாய் எங்கள் வீட்டில் ஒன்பது நாள் இருந்தது. பொமரேனியன் என்று சொல்லி ஒரு கடைக்காரர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்த வெள்ளைக் குட்டி. பஞ்சு என்று பெயர் வைத்தோம். இரண்டு மாதம் ஆகிறது என்றார். நான்காம் நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் வாந்தி, அதற்கடுத்து இரத்தம் கலந்த கழிச்சல். கால்நடை மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்துவிட்டு, "ஐந்து வாரத்தைத் தாண்டியிருக்காது. பார்வோ வந்திருக்கிறது" என்றார். ஒன்பதாம் நாள் விடிகாலையில், சலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

பார்வோ வைரஸ் உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். சில சமயம் இரண்டு வாரமும் ஆகலாம். அப்படியென்றால், நான் பணத்தை எண்ணிக் கொடுத்த நேரத்திலேயே குட்டி நோயைச் சுமந்துகொண்டிருந்திருக்கலாம். அன்றைக்கு நான் குட்டியின் நிறத்தைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன், விலை பேசினேன். இதன் தாய் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறிய வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். சிறிய நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்களிடம் இரண்டு கட்சிகள் பேசும். தத்தெடுப்பதுதான் தர்மம், விலைக்கு வாங்குவது பாவம் என்பது ஒரு கட்சி. தெருவில் பிறந்ததை எல்லாம் நம்ப முடியாது, நல்ல இரத்தம் வேண்டும் என்பது இன்னொன்று. கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் ஷெல்டரும் நல்ல வாசல்தான், இன நாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்கும் பொறுப்பான பிரீடரும் நல்ல வாசல்தான் என்று நான் நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வாசல் எப்போதும் திறந்தே கிடக்கிறது. அது கடை, புரோக்கர், இணைய விளம்பரம். பெரும்பாலோர் அதன் வழியாகத்தான் நுழைகிறார்கள். அதை எப்படி அடையாளம் காண்பது, மற்ற இரண்டில் உங்களுக்கு ஏற்றது எது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நாயைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

சிறிய நாய்கள் நீண்ட நாள் வாழும். 12 முதல் 15 ஆண்டுகள் சாதாரணம். இன்று ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை "நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று சொன்னால், அந்த நாய் முதுமையடையும்போது அந்தப் பிள்ளை வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே, நாயைப் பார்த்துக்கொள்ளப்போகும் பெரியவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பகல் முழுவதும் வீடு பூட்டியிருக்குமானால் குட்டி வேண்டாம். குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளைச் சாப்பாடு வேண்டும்; இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும். வளர்ந்த நாயானால், பழகிய பிறகு சில மணி நேரம் தனியே இருக்கும்.

வாடகை வீடானால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சொந்த அடுக்குமாடிக் குடியிருப்பானால், நலச் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. அந்த வாரியம் 1962-ல் சென்னையில் தொடங்கியது. அதன் முதல் தலைவர், கலாக்ஷேத்திராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். விலங்குகளுக்காகப் பேசும் மரபு நம் ஊருக்குப் புதிதில்லை என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் சட்டம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. குரைப்பதில் சில சிறிய இனங்கள் பெரிய நாய்களைத் தோற்கடித்துவிடும்.

இரண்டாம் படி: எவ்வளவு சிறியது, எந்தச் சிறியது

நம் ஊரில் பொமரேனியன் என்று தலைமுறை தலைமுறையாக அழைக்கப்படும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். உண்மையான பொமரேனியன் வளர்ந்த பிறகும் சுமார் இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும். இந்தியன் ஸ்பிட்ஸ் அதைவிட இரண்டு மூன்று மடங்கு எடை வரும். நம் வெயிலுக்குப் பழகியது, அறிவுள்ளது, குரைக்கும். சிறிய நாய் வேண்டும் என்போருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். நாகரிகம் மாறியதால் இன்று யாரும் அதைத் தேடுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பக் நாயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2003-ல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் அது ஓடியது. நாடு முழுவதும் அதற்கு மவுசு வந்தது. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கே இல்லாத அளவுக்கு முகம் தட்டையான ஒரு நாயால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. மே மாத மதியத்தில் மின்சாரம் போய்விட்டால் பக் வைத்திருப்பவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதன் குறட்டையை அழகு என்பார்கள். அது மூச்சுக்குத் திணறும் சத்தம். சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் குளிர்சாதன வசதியும் மாற்று மின்சாரமும் இல்லாத வீட்டுக்குப் பக் வேண்டாம் என்பதே என் கருத்து. ஷி ட்ஸுவுக்கும் முகம் தட்டைதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அதற்குக் கண்தான் பலவீனம். புடைத்த கண்ணில் எளிதில் புண் வரும். முடியைக் கோடையில் கத்தரித்துவிட வேண்டும். டாக்ஸ்ஹுண்டின் நீண்ட முதுகுக்கு மாடிப்படியும் சோபாவும் எதிரி. தண்டுவட வட்டு விலகிப் பின்னங்கால்கள் செயலிழந்துபோகும் ஆபத்து உண்டு.

எந்தச் சிறிய இனமானாலும் முழங்கால் சில்லு இடம் விலகுவதும், பல் ஈறு கெடுவதும், வயதானால் இதய வால்வு தளர்வதும் பொதுவாக வருபவை. பெற்றோருக்கு இருந்தால் குட்டிக்கும் வர வாய்ப்பு அதிகம். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நாய்க்கும் பொருந்தும்.

‘டீ கப்’ என்று ஒன்றை விற்கிறார்கள். அப்படி ஓர் இனமே கிடையாது. எடை குறைவாகப் பிறந்த நாய்களை ஒன்றோடொன்று இணைசேர்த்துப் பெற்றது, அல்லது தீனி குறைக்கப்பட்டது, அல்லது நான் வாங்கியதைப் போல வயது குறைவானது. இந்த மூன்றில் எதுவானாலும் துன்பம் அந்த உயிருக்குத்தான்.

மூன்றாம் படி: முதலில் ஷெல்டருக்குப் போங்கள்

பஞ்சு இறந்த பிறகு மருத்துவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். பார்வோ வைரஸ் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே இன்னொரு சிறு குட்டியை இப்போதைக்குக் கொண்டுவராதீர்கள். நாய் வேண்டுமென்றால் தடுப்பூசி முழுமையாகப் போட்ட, வளர்ந்த நாயாகப் பாருங்கள் என்றார். அப்படித்தான் நான் ஷெல்டருக்குப் போனேன். அங்கே பாப்பு இருந்தாள். ஆறு வயது இருக்கும் என்றார்கள். இந்தியன் ஸ்பிட்ஸ். வெளிநாடு கிளம்பிய ஒரு குடும்பம் வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தது.

ஷெல்டரில் சிறிய நாய் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்கும், ஆனால் குட்டியாகக் கிடைப்பது அரிது. ஆசைக்கு வாங்கி அலுத்துப்போனவை, நோய் வந்ததும் கைவிடப்பட்டவை, இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்திப் பிறகு தெருவில் விடப்பட்ட பெண் நாய்கள் என்று ஸ்பிட்ஸும் பக்கும் ஷி ட்ஸுவும் அங்கே வந்துசேர்கின்றன. குட்டிகள் என்று நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் நம் நாட்டு நாய்க்குட்டிகள். அவை உள்ளங்கையில் அடங்கும்போது சிறியவைதான். வளர்ந்தால் பதினைந்து இருபது கிலோவைத் தொடும். நாட்டு நாயைவிட நம் மண்ணுக்கு ஏற்ற நாய் வேறு இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் வயதான மாமியாரால் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க முடியாது என்ற நிலையில், நாட்டு நாய்க்குட்டியை ஆசைப்பட்டு எடுத்துவந்து ஓராண்டு கழித்துத் திருப்பிக் கொடுப்பது அதற்குச் செய்யும் துரோகம். சிறிய நாய்தான் வேண்டும் என்றால் வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள். அதன் எடை, குரல், குணம் எல்லாம் கண்முன்னே இருக்கும். பெரிய லாபம் அதுதான்.

சென்னையில் இருப்பவர்கள் 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் ஆஃப் இந்தியாவிலிருந்து தேடலைத் தொடங்கலாம். மற்ற ஊர்களில் மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தையும், உள்ளூர்க் கால்நடை மருத்துவரையும் கேளுங்கள். மருத்துவர்களுக்குத்தான் எந்த வீட்டு நாய்க்கு வேறு இடம் தேவைப்படுகிறது என்பது முதலில் தெரியும். அங்கே உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது பத்து விளம்பரங்களைத் தேடுவதைவிடப் பயன் தரும்.

போனதும் முதல் நாளே கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று முறை போங்கள்: ஒருமுறை காலையில், ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில், ஒருமுறை வீட்டில் உள்ள எல்லோருடனும். கூண்டுக்குள் மூலையில் ஒடுங்கி இருக்கும் நாய், வெளியே கொண்டுவந்ததும் வேறு நாயாக மாறிவிடும். பாப்பு முதல் சந்திப்பில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பராமரிப்பாளர் ஒருவர், "அவள் காலையில்தான் பேசுவாள்" என்று சொன்னார். மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். என் காலணி மேல் தலையை வைத்துப் படுத்தாள்.

கூண்டைத் தினமும் கழுவும் பணியாளரிடம் பேசுங்கள். அலுவலகத்தில் இருப்பவரைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். ஏன் இங்கே வந்தது, யாரைக் கண்டால் பயப்படுகிறது, சாப்பிடும்போது தொட்டால் உறுமுகிறதா, பிள்ளைகளுடன் எப்படி, இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா, எந்த மருந்து கொடுத்தீர்கள் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஷெல்டர் நல்ல ஷெல்டர். தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த விவரம், இரத்தப் பரிசோதனை இவற்றைப் பாருங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அதை உண்டாக்கும் எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் வெளியே தெரியாமல் இரத்தத்தில் பதுங்கியிருக்கும். ஷெல்டரில் பரிசோதனை செய்யவில்லை என்றால் உங்கள் செலவில் செய்துகொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த ஷெல்டரில் நோய் பரவுவதும் உண்மைதான், அதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் தடுப்பூசி முடியாத குட்டியைவிட வளர்ந்த நாய் என்று மீண்டும் சொல்கிறேன்.

அவர்கள் உங்களையும் கேள்வி கேட்பார்கள். அடையாளச் சான்று கேட்பார்கள், வீட்டைப் பார்க்க வருவார்கள், கருத்தடைக்கு உறுதி வாங்குவார்கள். கோபப்படாதீர்கள். ஒருமுறை கைவிடப்பட்ட உயிரை மறுபடி கைவிடக்கூடாது என்ற கவலையில் கேட்கிறார்கள்.

நான்காம் படி: பிரீடரிடம் போவதானால்

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு நான்கு வயதில் மகன். வீட்டில் படியேறச் சிரமப்படும் மாமியார். முன்கதை தெரியாத நாயைப் பிள்ளையோடு விட அவளுக்குத் தயக்கம். ஷெல்டரில் மூன்று மாதம் காத்திருந்தும் பொருத்தமான நாய் அமையவில்லை. பிரீடரிடம் போகலாம் என்றாள். அது தவறான முடிவு என்று நான் நினைக்கவில்லை. குட்டியிலிருந்தே பழக்க வேண்டும், எந்த அளவு வளரும், என்ன குணம் வரும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிய வேண்டும் என்பவர்களுக்குப் பொறுப்பான பிரீடர் நேர்மையான வழி.

பிரீடரைத் தேடும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பெண் நாயைப் 18 மாதத்துக்கு முன் இணைசேர்க்கக்கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் இருக்க வேண்டும். இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினாலே பாதிப் பேர் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். தங்கைக்கு அப்படித்தான் நடந்தது. பதிவு எண் என்ன என்று கேட்டதும் இரண்டு பேர் இணைப்பைத் துண்டித்தார்கள், ஒருவர், "உங்களுக்குக் குட்டி வேண்டுமா, காகிதம் வேண்டுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

கடைசியில் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். வீட்டில் இரண்டே பெண் ஷி ட்ஸுகள். இப்போது குட்டி இல்லை என்றார். நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பிறந்து எட்டு வாரம் ஆன பிறகுதான் குட்டி கைக்கு வரும். ஆக, இணைசேர்த்த நாளிலிருந்தே நான்கு மாதம் ஆகிவிடும். தாய் பருவத்துக்கு வருவதற்குக் காத்திருக்கும் காலம் தனி. எப்போது கேட்டாலும் ஐந்து இனத்துக் குட்டிகள் கைவசம் இருக்கிறது என்பவரிடம், அத்தனை தாய்களும் எங்கே எப்படி அடைபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அம்மையார் தங்கையை முதல் சந்திப்பில் மறுத்துவிட்டார். "காலை ஒன்பதிலிருந்து மாலை வரை யார் வீட்டில் இருப்பீர்கள்? மாமியாரால் குட்டியின் பின்னால் ஓட முடியுமா?" என்று கேட்டார். தங்கை கண் கலங்கி எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். இவரை விட்டுவிடாதே என்று நான் சொன்னேன். பணத்தை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத் தன் குட்டியைப் பற்றிக் கவலைப்படுபவரிடம்தான் வாங்க வேண்டும். தங்கை வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி போனாள். அந்த முறை சரி என்றார்.

பிரீடர் வீட்டுக்கு நேரில் போங்கள். தாயைப் பாருங்கள். குட்டிகள் தாயோடு எங்கே தூங்குகின்றனவோ அந்த இடத்தைப் பாருங்கள். வரவேற்பறைக்கு ஒரு குட்டியை மட்டும் எடுத்துவந்து காட்டினால், உள்ளே வரலாமா என்று கேளுங்கள். நோய்த்தொற்றுக்குப் பயந்து கை கால் கழுவச் சொன்னால், காலணியைக் கழற்றச் சொன்னால் அது நல்ல அடையாளம். உள்ளே விடவே மறுத்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தாய் உங்களைக் கண்டு ஒளிகிறதா, வால் ஆட்டி வருகிறதா? மடி வற்றி, எலும்பு துருத்தி, முடி உதிர்ந்து இருக்கிறதா? இது எத்தனையாவது ஈற்று? முதல் ஈற்றுக் குட்டிகள் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன, அவர்களோடு பேசலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்பவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

தாய், தந்தை இரண்டின் முழங்கால், கண், இதயத்தை மருத்துவர் பரிசோதித்த குறிப்பைக் கேளுங்கள். மரபணுப் பரிசோதனை செய்பவர்கள் நம் ஊரில் குறைவு; இருந்தால் நல்லது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருக்கிறது என்று பெருமையாக நீட்டுவார்கள். இன நாய்களைப் பதிவு செய்யும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு அது. அதன் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘பேப்பர் உள்ள குட்டி’ என்பதற்காக அதிகப் பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். சான்றிதழில் இருக்கும் 15 இலக்க மைக்ரோசிப் எண்ணும், கருவி வைத்துப் பார்த்தால் குட்டியின் உடலில் தெரியும் எண்ணும் ஒன்றா என்பதை மருத்துவரிடம் சரிபாருங்கள்.

குட்டியை ஐந்தாறு வாரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, எட்டு வாரம் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் அது தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. சீக்கிரமே பிரித்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நம் விரல்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

எழுதி வாங்க வேண்டியவை: விலைக்கு ரசீது, தடுப்பூசி மற்றும் குடற்புழு நீக்கத் தேதிகள் மருத்துவர் கையெழுத்தோடு, வாங்கிய சில நாள்களுக்குள் பெரிய நோய் தெரிந்தால் என்ன செய்வது என்ற உடன்பாடு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எந்த வயதிலானாலும் உங்களால் வளர்க்க முடியாமல் போனால் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற வரி. அந்த வரியை எழுதிக்கொடுக்கும் பிரீடரின் நாய் தெருவுக்கோ ஷெல்டருக்கோ வராது.

ஐந்தாம் படி: எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

"பாதி வழியில் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள், குட்டியைக் கொண்டுவந்து தருகிறேன்" என்பவர் புரோக்கர். முன்பணம் அனுப்பினால் ரயில் பார்சலில் அனுப்புகிறேன் என்பவரிடம் குட்டியே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அது அந்தப் பயணத்தில் படும் பாடு இன்னும் கொடியது. தாய் கிராமத்தில் இருக்கிறது, தாய் மருத்துவமனையில் இருக்கிறது, தாய் நண்பர் வீட்டில் இருக்கிறது என்று தாய்க்கு ஆயிரம் ஊர் சொல்வார்கள்.

செல்லப்பிராணிக் கடைகளுக்கும் 2018-ல் தனி விதிகள் வந்தன. அவையும் மாநில வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தாலும் கடையில் தாயைப் பார்க்க முடியாது என்பதால் நான் கடையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மீட்பு அமைப்பு என்ற பெயரில் இரண்டு மாத ஷி ட்ஸு குட்டிகளைத் தொடர்ந்து ‘தத்தெடுப்புக் கட்டணம்’ வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தடுப்பூசி, கருத்தடைச் செலவுக்காக ஒரு தொகை கேட்பது நியாயம். கட்டணம் இனத்துக்கு இனம் ஏறி இறங்கினால் அது விற்பனை. வீடு மாறுகிறோம், நாயைக் கொடுத்துவிடுகிறோம் என்ற விளம்பரங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். உண்மையான குடும்பமானால் நாயின் பழைய மருத்துவ அட்டை இருக்கும், அது குட்டியாக இருந்தபோது எடுத்த படங்கள் இருக்கும், கொடுக்கும்போது யாராவது அழுவார்கள்.

கூண்டில் சோர்ந்து கிடக்கும் குட்டியைப் பார்த்து, நாமாவது காப்பாற்றுவோம் என்று தோன்றும். அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன், ஆனாலும் வாங்காதீர்கள். நீங்கள் காலியாக்கிய கூண்டு அடுத்த வாரம் நிரம்பிவிடும்; அதற்காக ஒரு தாய் மறுபடி சினையாக்கப்படும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநில விலங்குகள் நல வாரியத்துக்கோ விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆறாம் படி: தீர்மானிப்பது

வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறீர்கள், இரவில் தூக்கம் கெடக்கூடாது, அமைதியான துணை வேண்டும் என்றால் ஷெல்டரிலிருந்து ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிறிய நாய். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மிகச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பிள்ளைகளோடு ஏற்கெனவே வாழ்ந்து பழகிய நாய் ஷெல்டரில் அமைந்தால் அதை எடுங்கள், அமையாவிட்டால் பிரீடர். ஒரு குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால், அந்த இனத்து வளர்ந்த நாய்க்காக மூன்று மாதம் ஷெல்டர்களிடமும் மருத்துவர்களிடமும் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருங்கள். அதற்குப் பிறகு பதிவு பெற்ற பிரீடரைத் தேடத் தொடங்கினால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. பிறந்தநாளுக்குள் வேண்டும், பொங்கலுக்குள் வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு தேடாதீர்கள். அவசரப்படுபவரைத்தான் புரோக்கர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குட்டியானால், பார்வோ உள்ளிட்ட பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி ஏறக்குறைய மூன்று மாதத்தில். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும் ஊர்களில் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் கேட்டுப் போடுங்கள். தடுப்பூசி முடியும் வரை தெருத் தரையில் விடாமல், தோளில் தூக்கிக்கொண்டு வெளி உலகத்தைக் காட்டுங்கள். மிகச் சிறிய குட்டிகள் ஒருவேளை சாப்பிடாவிட்டாலே இரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். அப்படித் தெரிந்தால் ஈறில் கொஞ்சம் தேனையோ குளுக்கோஸையோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். நாம் சாப்பிடும் சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும், உடல் சிறியதானால் சிறு அளவே போதும்.

சென்னை மாநகராட்சி எல்லையில் நாய் வளர்க்க உரிமம் வாங்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். ஷெல்டரோ பிரீடரோ கொடுத்த காகிதங்களை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெல்டரிலிருந்து வந்த நாய்க்கு, பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் புரிய மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று அங்கே வேலை செய்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் வாரம் உறவினர்களைக் கூட்டி வந்து காட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். ஓரமாக ஒரு பழைய போர்வை, தண்ணீர், ஒரே நேரத்துக்குச் சாப்பாடு. அவ்வளவு போதும். பாப்பு எங்கள் வீட்டில் முதல் இருபது நாள் குரைக்கவே இல்லை. அவளுக்குக் குரலே இல்லையோ என்று மருத்துவரிடம் கேட்டேன். இருபத்தோராம் நாள் காலை ஆறு மணிக்குப் பால்காரர் மணி அடித்தார். பாப்பு எழுந்து வாசலுக்கு ஓடி, எங்களுக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டு குரைத்தாள்.